பைலட் அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு?

எங்கள் ஊர் திருமங்கலம். பேரைச் சொன்னதுமே, "ஓ... அந்த ஃபார்முலா ஊரா?" என்று கண்ணடிப்பீர்கள். 2009 இடைத்தேர்தல் எங்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து அது! இங்கே நான் சொல்லப்போவது வேறொரு ஃபார்முலா. ஓட்டுக் கணக்கு இல்லை ஸார், லீவுக் கணக்கு!

மதுரை ஏர்போர்ட் எங்களுக்குப் பக்கம். விமானம் போகிற சத்தம் கேட்டால் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்து கமென்ட் அடிக்காமல் இருக்க மாட்டார். அப்படித்தான் ஒருநாள், புதுசாக அப்பாவான ஒரு தம்பி கேட்டான்:

"ஏண்ணே, நம்ம கம்பெனியில புள்ள பொறந்தா மூணு நாள் லீவு. அதுவும் சம்பளம் கட்! இந்த பைலட்டுக்கெல்லாம் எம்புட்டு நாள்ணே குடுப்பாய்ங்க?"

"அவய்ங்களுக்கென்ன மாப்ள... லட்சத்துல சம்பளம். ஆறு மாசம் வீட்ல உக்கார வச்சுச் சோறு போடுவாய்ங்க!" - பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது.

நியாயமான கேள்வி. தப்பான பதில்! விசாரித்துப் பார்த்தால், வானத்தில் பறக்கிற அப்பாவின் நிலைமையும் நம் தம்பியின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அம்மா பைலட்

முதலில் அம்மாக்கள். 1936-ல் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தை ஓட்டி லைசென்ஸ் வாங்கினார் சரளா தக்ரால். வயது 21. அப்போதே வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தை! ஆக, இந்தியாவில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய ஆரம்ப காலப் பெண்களிலேயே ஓர் அம்மா உண்டு.

ஆனால், விமானக் கம்பெனிகளுக்கு அம்மாக்கள் என்றால் ரொம்ப நாள் அலர்ஜி. ஏர் இந்தியாவில் ஏர் ஹோஸ்டஸ் முதல் முறை கர்ப்பமானால் வேலை காலி என்று ஒரு விதியே இருந்தது. நர்கேஷ் மீர்ஸா என்பவர் கோர்ட்டுக்குப் போனார். 1981-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை, இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று சாடி, தூக்கியெறிந்தது. (வேலையில் சேர்ந்த முதல் 4 வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் காலம் அப்படி!)

இன்று நிலைமை வேறு. இந்திய பைலட்டுகளில் 15 சதவீதம் பேர் பெண்கள், உலக அளவில் 5 சதவீதம்தான் என்று 2022-ல் விமானத் துறை அமைச்சராக இருந்த ஜோதிராதித்ய சிந்தியா சொன்னார். 2017-ல் திருத்திய சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு. பைலட்டாக இருந்தாலும் சரி, கப்பலூர் ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாலும் சரி, இதே 26 வாரம்தான். தமிழக அரசு ஊழியர் என்றால் இன்னும் மேல். 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்!

சிக்கல் லீவில் இல்லை. லீவுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முன்னால்... கர்ப்பம் என்று தெரிந்ததுமே பைலட் தரையில் இறங்கியாக வேண்டும். பிரச்னை இல்லாத கர்ப்பம் என்று டாக்டர் சொன்னால், 12-வது வாரம் முடிந்ததிலிருந்து 26-வது வாரம் முடியும் வரை பறக்க விடலாம் என்பது சர்வதேச சிவில் விமான அமைப்பின் வழிகாட்டுதல். மற்ற நாட்களில் ஊஹூம்! பைலட் சம்பளத்தில் கணிசமான பகுதி பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது. பறக்கவில்லையா? அந்தப் பகுதி அவுட்! பிரசவ லீவுச் சம்பளத்தைப் பழைய சட்டம் எப்படிக் கணக்கிட்டது தெரியுமா? லீவுக்கு முந்தைய 3 மாத சராசரி. அந்த 3 மாதமும் தரையிலேயே இருந்தவருக்கு என்ன சராசரி வரும்? கால்குலேட்டரே வேண்டாம், மனக்கணக்கே போதும்.

பின்னால்... கடைசி 90 நாளில் குறைந்தது 3 தடவை டேக்-ஆஃப், 3 தடவை லேண்டிங் செய்திருந்தால்தான் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியும். 26 வாரம் என்றால் 182 நாள். ஆக, லீவு முடிந்து வருகிற அம்மா நேராக காக்பிட்டுக்குப் போக முடியாது. மெடிக்கல், சிமுலேட்டர் பயிற்சி, பரீட்சை... அத்தனையும் முடித்த பிறகுதான் ஆகாயம். பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு சிமுலேட்டரில் உட்கார்ந்து 'இன்ஜின் ஃபெயில்' பயிற்சி எடுப்பதை நினைத்துப் பாருங்கள்!

சில கம்பெனிகள் இதைப் புரிந்துகொண்டன. குழந்தைக்கு 5 வயது ஆகும்வரை மாதத்தில் 2 வாரம் வேலை, 2 வாரம் வீடு என்று பெண் பைலட்டுகளுக்கு இண்டிகோ ஏற்பாடு செய்திருப்பதாக 2022-ல் செய்தி வந்தது. விஸ்தாரா (2024-ல் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது) கர்ப்ப காலத்தில் தரையிலேயே ஆபீஸ் வேலை கொடுத்தது. அப்படிப் போடு!

அப்பா பைலட்

சரி, நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். தனியார் விமானக் கம்பெனியில் பைலட்டாக இருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி எத்தனை நாள்?

பூஜ்யம்!

ஆமாம் ஸார். தனியார் துறையில் அப்பாவுக்கு லீவு கொடுத்தே தீரவேண்டும் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. கம்பெனி மனசு வைத்து எதை எழுதி வைத்திருக்கிறதோ, அதுதான். 15 நாளாவது கொடுங்கள், 3 மாதம் வரை நீட்டிக்க வழி செய்யுங்கள் என்று 2017-ல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. லோக்சபாவில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மசோதா மசோதாவாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் 26 வாரம் அம்மாவுக்கு உண்டு. அப்பாவுக்கு என்று தனியாக ஒரு வரி இல்லை.

தமாஷ் என்ன தெரியுமா? பைலட்டுகளிலேயே இந்த லீவு சட்டப்படி கிடைப்பவர் ஒருவர் இருக்கிறார். திருமங்கலம் ஸ்டேஷனில் நின்றால் அவரைப் பார்க்கலாம். 'லோகோ பைலட்'! அதாவது ரயில் ஓட்டுபவர். ரயில்வே, மத்திய அரசு. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 1997-லிருந்து 15 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டு குழந்தை வரை. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தவறினால் காலாவதி. சாதாரணமாக இதை மறுக்கக் கூடாது என்றும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, தண்டவாளத்தில் ஓடுகிற பைலட்டுக்கு 15. ஆகாயத்தில் பறக்கிற பைலட்டுக்குக் கம்பெனி புண்ணியம்!

ராத்திரி மூணு மணி

"ஆம்பளைக்கு எதுக்குய்யா பிரசவ லீவு? அவனா பெத்தான்?" - நம்ம ஊர்ப் பெரிசுகள் கேட்பார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். மாமியார் மருந்து அரைப்பார். மருமகன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்ப்பார். அந்தக் காலம் போயாச்சு. மாமியாரும் வேலைக்குப் போகிறார். அல்லது அவருக்கே சுகர், மூட்டுவலி. ராத்திரி மூணு மணிக்கு அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடக்க அப்பாவை விட்டால் ஆள் இல்லை.

எனக்கு இரண்டு பெண்கள். இரண்டு தடவையும் மூணே மூணு நாள்தான் கிடைத்தது. (எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள்!) தூங்காத கண்ணோடு லெட்ஜரைப் பார்த்தால் ஒரு சைபர் இரண்டு சைபராகத் தெரியும். கணக்குப்பிள்ளை பரவாயில்லை, மறுநாள் சரிபார்த்துக்கொள்ளலாம். 35 ஆயிரம் அடி உயரத்தில், பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்க, அந்த அப்பாவின் கண்ணுக்கு சைபர் எப்படித் தெரியும்?

களைப்பு ஆபத்து என்று விமானத் துறைக்கும் தெரியும். அதனால்தான் டி.ஜி.சி.ஏ. புது விதிகளில் பைலட்டின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது. லீவு வேறு, ஓய்வு வேறு. லீவு போட்டதைக் காட்டி வார ஓய்வைக் கழிக்காதே என்றும் சொன்னது. 2025 டிசம்பரில் என்ன நடந்தது? ஆள் போதாமல் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. ஏர்போர்ட் ஏர்போர்ட்டாக ஜனங்கள் பெட்டியோடு தரையில் படுத்தார்கள். டிசம்பர் 5-ம் தேதி, அந்த 'லீவு வேறு, ஓய்வு வேறு' விதியை டி.ஜி.சி.ஏ. வாபஸ் வாங்கியது. நெருக்கடி வந்தால் முதலில் கைவைப்பது ஆளின் லீவில்தான். அது நம்ம ஆபீஸாக இருந்தாலும் சரி, ஆகாயமாக இருந்தாலும் சரி!

சிங்கப்பூரில், 2025 ஏப்ரல் முதல், குழந்தை அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் அப்பாவுக்கு 4 வாரம். சம்பளத்தை, உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசாங்கமே ஈடுகட்டுகிறது. சுவீடனில் ஒரு குழந்தைக்கு அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் 90 நாள் அப்பாவுக்கு என்றே தனி. அவர் எடுக்காவிட்டால் போச்சு. அங்கேயும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன!

இதுதான் நம்ம ஃபார்முலா

கல்யாணமான, ஆகப்போகிற தம்பிகளுக்கு மூன்று விஷயம். ஒன்று, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் கம்பெனி லீவு விதியையும் இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். பல கம்பெனிகளில் 5 நாள், 10 நாள் என்று இருக்கும். யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாது. இரண்டு, வளைகாப்புக்கு முன்பே எழுத்து மூலமாக லீவு கேளுங்கள். வலி வந்தபிறகு போனில் கெஞ்சினால் அது லீவு இல்லை, ஆப்சென்ட்! மூன்று, விதியே இல்லையா? நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவன் கேட்டால் சோம்பேறி என்பார்கள். நாலு பேர் கேட்டால் பாலிஸி என்பார்கள்.

பெண்ணுக்குக் காதுகுத்து என்றால் ஃப்ளெக்ஸ் வைத்து, கிடா வெட்டி, மூணு நாள் லீவு போடுகிறோம். மேனேஜரே மொய்க் கவரோடு முதல் பந்தியில் உட்காருகிறார். அந்தக் காதோடு பெண் பிறந்த அன்றைக்கு மட்டும் ஏன் ஸார் லீவு கேட்கக் கூச்சம்?