எஞ்சினைப் பின்னால் வைத்த பட்டறை

செலவைக் குறைக்கப் பார்த்த ஒரு தந்தையும் மகனும் கார் பந்தயத்தின் போக்கையே மாற்றினார்கள். அந்தச் சிக்கனமே பிறகு அவர்களுக்குத் தடையாகவும் ஆனது.

1959 டிசம்பர் 12. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள செப்ரிங் நகரம். கிராண்ட் ப்ரீ பந்தயத்தின் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபாமின் கார் திணறி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பிராபாம் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் களைத்துத் தரையில் சரிந்தார். கிடைத்தது நான்காவது இடம். ஆனால் ஃபெராரி வீரர் டோனி புரூக்ஸ் மூன்றாவதாகத்தான் வந்தார் என்பதால், அந்த ஆண்டின் உலக சாம்பியன் பட்டம் பிராபாமுக்கே.

பந்தயத்தில் முதலில் வந்த 22 வயது புரூஸ் மெக்லாரனும் அதே அணிதான். இருவரும் ஓட்டிய கார்களைச் செய்தது பெரிய தொழிற்சாலை எதுவுமல்ல. லண்டனை ஒட்டிய சர்பிடன் என்ற புறநகரில் சார்லஸ் கூப்பரும் அவருடைய மகன் ஜான் கூப்பரும் நடத்திவந்த கராஜ்தான் அது.

ஒரு வண்டிக்கு இரண்டு முகம்

சார்லஸ் அடிப்படையில் ஒரு மெக்கானிக். பந்தய வீரர் கே டானின் வண்டிகளைக் கவனித்துக்கொண்டவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், ஜானும் அவருடைய நண்பர் எரிக் பிராண்டனும் பந்தயக் கார் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார்கள். நாட்டில் பெட்ரோலுக்கு ரேஷன். புது உதிரி பாகம் வாங்கவும் வழியில்லை. கையில் கிடைத்தவை பழைய ஃபியட் டோபோலினோ சின்னக் கார்கள். இரண்டு டோபோலினோக்களின் முன்பக்கங்களை வெட்டியெடுத்து, முதுகோடு முதுகாக வைத்து வெல்டிங் செய்தார்கள். முன்சக்கரங்களுக்கான ஸ்பிரிங் அமைப்பே பின்சக்கரங்களுக்கும் கிடைத்துவிட்டது.

எஞ்சின்? ஸ்பீட்வே பந்தய மோட்டார் சைக்கிள்களில் ஓடிய, 500 சிசி கொள்ளளவுள்ள ஜே.ஏ.பி. எஞ்சின். மோட்டார் சைக்கிளில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது செயின். எஞ்சினைக் காரின் முன்னால் வைத்தால் அந்தச் செயினை ஓட்டுநரைத் தாண்டி நீட்ட வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் சின்னச் செயின் போதும். பின்னால் வைத்தார்கள். அவ்வளவுதான் காரணம். காற்றுச் சுரங்கச் சோதனையோ கணக்கு ஆராய்ச்சியோ எதுவும் அதன் பின்னால் இல்லை.

மலிவான இந்தக் குட்டி வண்டிக்குக் கிராக்கி பிறந்தது. 1948-ல் அதை வாங்கியவர்களில் ஒருவர் 18 வயது ஸ்டெர்லிங் மாஸ். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் உலகத்தையே ஆட்டிவைத்த பெர்னி எக்கிள்ஸ்டனும் 500 சிசி கூப்பர் ஓட்டியவர்தான். 1950-ல் மொனாக்கோ கிராண்ட் ப்ரீ களத்தில் ஹாரி ஷெல் ஒரு கூப்பரோடு நின்றார். அதிலும் ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான். முதல் சுற்றிலேயே நடந்த கூட்டு விபத்தில் சிக்கி அவருடைய பந்தயம் முடிந்துபோனது.

குதிரை எந்தப் பக்கம்?

எஞ்சினைப் பின்னால் வைத்ததில் முதல் ஆள் கூப்பர் அல்ல. 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் அதைச் செய்திருந்தது. ஆனால் போருக்குப் பின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் முன்பக்க எஞ்சினையே நம்பின. குதிரை வண்டியை இழுக்கும், தள்ளாது என்பது என்ஸோ ஃபெராரி சொன்னதாக வழங்கும் வாசகம்.

குதிரை தள்ளினால் என்ன லாபம் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு ஓட்டுநருக்கு அடியில் தேவையில்லை. அதனால் அவர் தாழ்வாக உட்காரலாம். வண்டி சிறியதாகும், எடை குறையும், காற்று தடுப்பதும் குறையும். டயரும் சீக்கிரம் தேயாது.

1958 ஜனவரியில் அர்ஜென்டினாவில் இது நிரூபணமானது. ராப் வாக்கர் அணிக்காக மாஸ் ஓட்டிய கூப்பரில் இருந்தது இரண்டு லிட்டருக்கும் குறைவான எஞ்சின். அதைச் செய்த கவென்ட்ரி கிளைமாக்ஸ், தீயணைப்பு பம்புகளுக்கு எஞ்சின் செய்து பேர்வாங்கிய கம்பெனி. ஃபெராரிகளின் எஞ்சின்களோ அதைவிடப் பெரியவை. எப்படியும் மாஸ் டயர் மாற்ற நிற்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நிற்கவே இல்லை. இரண்டாவதாக வந்த ஃபெராரியை 2.7 விநாடியில் முந்தினார். உலக சாம்பியன்ஷிப்பில் பின்பக்க எஞ்சின் கார் பெற்ற முதல் வெற்றி அது.

1959, 1960 இரண்டு ஆண்டுகளும் வீரர் பட்டம், தயாரிப்பாளர் பட்டம் இரண்டையும் கூப்பர் அணியே அள்ளியது. 1961-ல் ஃபெராரியும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனது. அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் பிராபாமின் கூப்பர் ஒன்பதாவதாக வந்தது. பிரம்மாண்டமான அமெரிக்க வண்டிகளுக்கு நடுவே அது பொம்மைபோல இருந்தது. ஆனால் 1964-க்குப் பிறகு அங்கே முன்பக்க எஞ்சின் கார் ஜெயித்ததே இல்லை.

கணக்குப் பார்த்த அப்பா

உச்சியில் இருந்தபோதே சறுக்கலும் தொடங்கிவிட்டது. சார்லஸ் ஒவ்வொரு பவுனையும் எண்ணிச் செலவழிப்பவர். ஜெயிக்கிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும் என்பது அவருடைய கட்சி. புதியதைச் செய்து பார்க்க ஆசைப்பட்ட மகன் ஜானோ அப்பாவை மீறவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் தவித்தார்.

போட்டியாளர்கள் காத்திருக்கவில்லை. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1962-ல் குழாய்ச் சட்டகத்தையே தூக்கியெறிந்துவிட்டு, விமானம்போலத் தகட்டாலான கூடு அமைத்தார். கூப்பர் பட்டறை பல ஆண்டுகள் குழாய்களோடே இருந்தது. கூடவே இருந்தவர்களும் கிளம்பினார்கள். 1961 முடிவில் பிராபாம் தனி அணி தொடங்கப் போனார். தன் பெயர் தாங்கிய காரிலேயே 1966-ல் சாம்பியனும் ஆனார். மெக்லாரன் 1963-ல் சொந்த நிறுவனம் ஆரம்பித்து, இரண்டு ஆண்டில் முழுவதுமாக விலகினார்.

1963-ல் இரட்டை எஞ்சின் பொருத்திய மினி காரைச் சோதித்தபோது ஜான் விபத்தில் பலத்த காயமடைந்தார். 1964-ல் சார்லஸ் இறந்தார். மறு ஆண்டு பந்தய அணி சிப்ஸ்டட் மோட்டார் குழுமத்துக்குக் கைமாறியது. 1967 தென்னாப்பிரிக்க கிராண்ட் ப்ரீயில் பெட்ரோ ரோட்ரிகஸ் பெற்றுத் தந்ததுதான் கடைசி வெற்றி. மொத்தம் 16. 1969-க்குள் கூப்பர் என்ற பெயர் ஃபார்முலா ஒன் களத்திலிருந்து மறைந்தது.

பெயர் மட்டும் வேறு வழியில் பிழைத்தது. 1961-ல் ஜானின் யோசனையில் பி.எம்.சி. நிறுவனம் வெளியிட்ட மினி கூப்பர், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1971-ல் அந்த ஏற்பாடும் முடிந்தாலும், பின்னாளில் பெயர் மீண்டும் காரில் ஏறியது. இன்று பி.எம்.டபிள்யூ. விற்கும் மினிகளிலும் 'கூப்பர்' இருக்கிறது. சசெக்ஸில் கராஜ் நடத்திவந்த ஜான் 2000 டிசம்பர் 24 அன்று, 77-வது வயதில் காலமானார்.

இன்றைய ஃபார்முலா ஒன் அணிகள் பல நூறு பொறியாளர்களோடும் கணிப்பொறிகளோடும் கார் செய்கின்றன. அவற்றில் ஒன்று மெக்லாரன். எந்த அணியின் காராக இருந்தாலும் அதில் ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால். 1946-ல் ஒரு செயினின் நீளத்தை மிச்சம் பிடிக்க அந்தப் பட்டறை எடுத்த முடிவு அப்படியே இருக்கிறது.