பிக்கப்ல வீடு கட்டுறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு ஒரு நடை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரை அப்படியே விட்டிருக்கோம். நீளத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இந்த வாரம் முழுக்க ஒரே ஒரு மெயில்தான். சென்னையிலிருந்து ஒரு தம்பதி எழுதியிருக்காங்க. ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு, டபுள் கேப் டீசல் பிக்கப் ஒன்னை வீடு மாதிரி மாத்தி, நாலு மாசம் லடாக் வரைக்கும் போயிட்டு வரப் போறாங்க. என்னென்ன மாட்டப் போறோம்னு ஒரு ஷீட் போட்டு அனுப்பி, "இதுல எதாவது விட்டுப் போச்சா?"ன்னு கேட்டிருந்தாங்க.

அருமையான ஷீட். பொருள், விலை, எந்தக் கடை, எப்போ டெலிவரி, எல்லாம் இருக்கு. ஒரு காலம் மட்டும் இல்ல: எடை.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும். 512 எம்.பி. மெமரி உள்ள சாதனத்துக்குப் புரோகிராம் எழுதுறப்போ, ஒவ்வொரு லைப்ரரியையும் "இது சின்னதுதானே"ன்னு சேர்த்துக்கிட்டே போவோம். ஒரு நாள் மொத்தமும் விழுந்துடும். பிக்கப்போட பின் பக்கம் பார்க்கப் பெரிசா, காலியா இருக்கும். இடம் இருக்கறதால ஏத்தலாம்னு தோணும். ஆனா தீர்ந்து போறது முதல்ல இடம் இல்ல, எடைதான்.

உங்க ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. அன்லேடன் வெயிட்னு ஒரு எண், கிராஸ் அல்லது லேடன் வெயிட்னு இன்னொரு எண். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க மொத்த பட்ஜெட். அதுலயே நீங்களும் உங்க கூட வர்றவங்களும் அடக்கம். இவங்க வண்டிக்கு அது 450 கிலோ. நம்ம ஊர்ல தனியார் உபயோகத்துக்கு விக்கிற டபுள் கேப் வண்டிகள்ல கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால பிரவுச்சரை விட உங்க ஆர்.சி.யை நம்புங்க. யூடியூப்ல அமெரிக்காக்காரங்க கட்டுற கேம்பர் வீடியோக்களை இங்க அப்படியே காப்பி அடிக்க முடியாததுக்கும் இதுதான் காரணம். அதுல பாதி, ஒரு டன்னுக்கு மேல ஏத்தறதுக்குன்னே செஞ்ச பெரிய வண்டிகள்.

சரி, அவங்க ஷீட்ல நான் எடை காலத்தைச் சேர்த்தேன். ரெண்டு பேர்: 140 கிலோ. இரும்புல செய்யச் சொல்லியிருக்கிற கேனோபி: 110. அது மேல ரூஃப் டென்ட், அதுக்கான கம்பிகளோட: 85. பிளைவுட் டிராயர்: 65. தண்ணி 60 லிட்டர், டேங்கோட 65. வீட்டு இன்வர்ட்டருக்குப் போடுற 150 ஆம்ப்-ஹவர் டியூபுலர் பேட்டரியும் இன்வர்ட்டரும் 65. ஃபிரிட்ஜும் சாப்பாட்டுச் சாமானும் 45. சோலார் பேனல் 12. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் 25. துணி, படுக்கை, நாற்காலி 45. டூல்ஸ், ஜாக்கி, ஸ்பேர் சாமான் 40. பின்னாடி இரும்பு பம்பர், அதுல தொங்குற ரெண்டாவது ஸ்டெப்னி: 75.

கூட்டினா 772 கிலோ. பட்ஜெட் 450. அதாவது 322 கிலோ அதிகம், இன்னும் ஒரு பாக்கெட் பிஸ்கட் கூட வாங்கல.

"அதுக்குத்தான் எக்ஸ்ட்ரா பட்டை போடுறோம்"னு அதே மெயில்ல ஒரு வரி இருந்துச்சு. இதை நான் அடிக்கடி கேள்விப்படுறேன். லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்தா வண்டி பின்னாடி தொங்காம நிமிர்ந்து நிக்கும். அவ்வளவுதான். ஆக்சில், வீல் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எதுவும் மாறல. தொங்குற வண்டி "நான் தாங்கலை"ன்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பட்டை போட்டதும் அந்த வாயை அடைச்சிட்டோம். ஆஸ்திரேலியாவுல சஸ்பென்ஷன் கிட் மாட்டி, சான்றிதழ் வாங்கி, வண்டியோட மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்துறாங்க. இங்க பட்டறையில பட்டை போட்டதால ஆர்.சி.யில இருக்கிற எண் மாறாது. வரம்புக்குள்ள இருந்துகிட்டே, எப்பவும் முழு லோடோட ஓடுற வண்டிக்கு ஒரு பட்டை சேர்க்கறது வேற விஷயம், அது நியாயம்.

இந்த எடை எங்க உறைக்கும்னா, இறக்கத்துல. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியா மேட்டுப்பாளையம் வந்தா ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குறோம். 2,550 கிலோ வண்டி அந்த உயரத்துல இருந்து இறங்குறப்போ வெளியேத்த வேண்டிய ஆற்றல் சுமார் 47 மெகாஜூல், கரண்ட் பில் கணக்குல சொன்னா 13 யூனிட். இஞ்சின் பிரேக்கிங்கும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும், மீதி முழுக்க பிரேக்ல சூடா இறங்கும். 322 கிலோ கூடினா இன்னும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல. அதை விட முக்கியம், பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கணும். ஈரம் ஏறின பிறகு தரப்படி 155 டிகிரி இருந்தாப் போதும். கொதிச்சா குமிழி வரும். குமிழி நசுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது. கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக் ஆயிலை மாத்திடுங்க. சில நூறு ரூபாய் வேலை. இந்த லிஸ்ட்ல இருக்கிற எந்தப் பளபள சாமானையும் விட இது முக்கியம்.

அடுத்தது, எடை எவ்வளவுங்கறது போலவே எங்கங்கறதும். பின் ஆக்சிலுக்குப் பின்னாடி தொங்குற எடை நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அந்த 75 கிலோ பம்பரும் ஸ்டெப்னியும் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருக்குன்னு வைங்க. வீல்பேஸ் 3.1 மீட்டர். முன் ஆக்சில்ல இருந்து 29 கிலோவை அது தூக்கிடும், பின் ஆக்சிலுக்கு 104 கிலோவா இறங்கும். ஸ்டியரிங்கும் பாதிக்கு மேல பிரேக்கும் முன் சக்கரத்துலதான் இருக்கு. மழை ரோட்டுல ஸ்டியரிங் லேசா, மிதக்கிற மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க. தண்ணி, பேட்டரி, டூல்ஸ் மாதிரி கனமானதெல்லாம் கேபினை ஒட்டி, தரையோட தரையா. தலைகாணி, பாய், நாற்காலி பின்னாடியும் மேலயும்.

அப்போ எதைக் கழிக்கலாம்? நான் உட்கார்ந்து கழிச்சுப் பார்த்தேன். கேனோபிக்குள்ளயே படுக்க முடியும்னா ரூஃப் டென்ட் வேண்டாம்: 85 போச்சு. இரும்புக்குப் பதிலா அலுமினியம் பிரேம், மேல லாரித் தார்பாய்த் துணி: 50 மிச்சம். பிளைவுட் டிராயருக்குப் பதிலா காய்கறிக் கடையில பார்க்கிற பிளாஸ்டிக் கிரேட்: 50 மிச்சம். (படம் எடுத்துப் போட அழகா இருக்காது. ஆனா சாமானோட வெளிய தூக்கி வெச்சுச் சமைக்கலாம்.) தண்ணி 30 லிட்டர் போதும், இது பாலைவனம் கடக்கிற பயணம் இல்ல: 30 மிச்சம். பேட்டரி மாத்தினா 50 மிச்சம். அந்த 75 கிலோ பம்பர், ரெண்டாவது ஸ்டெப்னியை விட்டுட்டு, பஞ்சர் கிட்டும் ஒரு நல்ல ஏர் பம்ப்பும். இப்போ 432. வரம்புக்கு உள்ள, 18 கிலோ கையிருப்போட.

பேட்டரியைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா அதிகக் கேள்வி வர்றது இதுலதான். 45 லிட்டர் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் ஓடுறப்போ சுமார் 45 வாட் எடுக்கும். நம்ம வெயிலுக்குப் பாதி நேரம் ஓடும்னு வெச்சா ஒரு நாளைக்கு 540 வாட்-ஹவர். 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சொச்சம். அதுல தைரியமா 1,000 வாட்-ஹவர் எடுக்கலாம். வெயிலே இல்லாட்டியும் ரெண்டு நாளுக்குக் கிட்டத்தட்ட ஓடும். 200 வாட் பேனல் நடைமுறையில ஒரு நல்ல நாளைக்கு 550 வாட்-ஹவர் பக்கம் தரும். வண்டி ஓடுறப்போ 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் மூணு மணி நேரத்துல 800 தரும். ஆக, பேனலும் சார்ஜரும் இருந்தா சின்ன பேட்டரியே போதும். பெரிய இன்வர்ட்டர் எதுக்கு? லேப்டாப்புக்கு 12 வோல்ட்ல இருந்தே டைப்-சி சார்ஜர் கிடைக்குது.

வயர்ல கஞ்சத்தனம் வேண்டாம். முன்னாடி பேட்டரியில இருந்து பின்னாடிக்கு அஞ்சு மீட்டர், போக வர பத்து. 2.5 சதுர மி.மீ. வயர்ல 20 ஆம்ப் போனா 1.4 வோல்ட் வழியிலயே காணாமப் போயிடும். 16 சதுர மி.மீ. போட்டா கால் வோல்ட் கூட போகாது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், ரெண்டு பேட்டரி பக்கமும். ஃபியூஸ் காப்பாத்துறது ஃபிரிட்ஜை இல்ல, வயரை. தகரத்துல உரசி ஷார்ட் ஆன வயர் எரியறப்போ நீங்க மேல படுத்துத் தூங்கிட்டு இருப்பீங்க.

இன்னொன்னு: இந்த வகை லித்தியம் பேட்டரியை ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது. செப்டம்பர் கடைசியில லடாக் பக்கம் விடிகாலையில அது நடக்கும். குளிர்ல சார்ஜிங்கை நிறுத்துற பி.எம்.எஸ். உள்ளதா வாங்குங்க, முடிஞ்சா கேபினுக்குள்ள பின் சீட்டுக்குக் கீழ வைங்க.

"கேம்ப்ல இஞ்சினை ஐடில்ல விட்டு சார்ஜ் பண்ணிக்கலாமா?"ன்னு ஒரு கேள்வி. பி.எஸ். 6 டீசல்ல டி.பி.எஃப்.னு ஒரு புகைக்கரி ஃபில்டர் இருக்கு. ஐடில்ல கரி சேரும், எரிஞ்சு போற அளவுக்குச் சூடு வராது. சுத்தம் ஆகணும்னா ஹைவேல நல்ல வேகத்துல ஓடணும். மலையில நாலு நாள் ஊர்ந்துட்டு, ராத்திரி ஐடில்லயும் விட்டா, வார்னிங் லைட் எரியறது ஆச்சரியம் இல்ல.

பராமரிப்பு பெருசா ஒன்னும் இல்ல, காலையில டீ கொதிக்கிற நேரத்துல ஒரு சுத்து. கீழ எண்ணெய் சொட்டுதா, ஒரு டயர் மட்டும் கம்மியா இருக்கா, வீல் நட்ல துரு வழிஞ்ச கோடு இருக்கா (இருந்தா நட் லூஸ்னு சந்தேகப்படணும்). புதுப் பட்டை போட்டிருந்தா 500 கிலோமீட்டர்ல யூ-போல்ட்டை மறுபடி டைட் பண்ணணும், புது பட்டைகள் படிஞ்சு உட்கார்ந்த பிறகு அது தளரும். தூசி ரோடுன்னா ஏர் ஃபில்டரைச் சர்வீஸ் வரைக்கும் காக்க வைக்காதீங்க. டீசல் ஃபில்டர்ல தண்ணி சேருதான்னு பாருங்க. தனுஷ்கோடி மாதிரி கடலோரம் போனா அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவணும். டயர் மாத்தறப்போ லோட் இண்டெக்ஸ் குறையாமப் பாருங்க: 112னா ஒரு டயருக்கு 1,120 கிலோ, 110னா 1,060.

கேஸ். எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையில தங்கும். கேனோபிக்குள்ள சிலிண்டர் வெச்சா அந்தப் பெட்டியோட அடியில வெளிய திறக்கிற துளை வேணும். மேல இருக்கிற ஜன்னல் உதவாது. குளிருதுன்னு உள்ள அடுப்பைப் பத்த வெச்சுட்டுப் படுக்கவே படுக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சின்ன அலாரம் ஒன்னு வாங்கி தலைமாட்டுல மாட்டுங்க, இந்த எடையை நான் மனசார அனுமதிக்கிறேன்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. முன்னாடி மாட்டுற புல் பாருக்கு எதிரா மத்திய அமைச்சகம் 2017லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. அதனால வெல்டிங் வேண்டாம். போல்ட்ல கழட்டுற மாதிரி, சாமான் மாதிரி ஏத்தி இறக்குற மாதிரி செய்யுங்க. கேனோபி பத்தி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சு பதிலை வாங்கி வைங்க. வரம்பு மீறின எடையோட ஒரு விபத்து நடந்தா, கேள்வி கேட்கப் போறது அவங்கதான்.

கடைசியா, இதெல்லாம் என் கணக்குதான். உண்மையைச் சொல்ல வேண்டியது எடை மேடை. ஹைவே ஓரத்துல, ரைஸ் மில் பக்கத்துல, எங்கயும் இருக்கு. டேங்க் ஃபுல், தண்ணி ஃபுல், ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்து போங்க. முதல்ல முன் சக்கரம் மட்டும் மேடையில, அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும். மூணு சீட்டு. லாரிக்கான மேடை, பத்து இருபது கிலோ முன்பின் இருக்கும், பரவாயில்ல. அதுக்கப்புறம் ஏலகிரி போயிட்டு வாங்க. 14 கொண்டை ஊசி வளைவு. சின்ன கியர்ல இறங்கி, அடிவாரத்துல ஓரமா நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் கையை வெச்சுப் பாருங்க, தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக் காஞ்சா மெக்கானிக்கைப் பாருங்க. ஒரு ராத்திரி மேலயே தங்கினா எந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லைன்னும் தெரிஞ்சிடும், அதை வீட்டுல இறக்கி வெச்சிடலாம்.

மெயில் அனுப்பினவங்க அந்த மூணு சீட்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல உங்க நம்பரை வெச்சே டயர் பிரஷர் கணக்குப் போடலாம்.