விளையாட்டு மேலாண்மைக் கல்வி

விளையாட்டு மேலாண்மை என்பது போட்டிகள், விளையாட்டரங்குகள், சங்கங்கள், தொழில்முறை அணிகள் ஆகியவற்றைத் திட்டமிட்டு நடத்தும் முறைகளைக் கற்பிக்கும் துறை ஆகும். ஒரு போட்டி நடைபெற வீரர்களும் நடுவர்களும் மட்டும் போதாது. மைதானம் தயாராக வேண்டும். வீரர்களின் வயதுச் சான்று சரிபார்க்கப்பட வேண்டும். தங்குமிடம், உணவு, குடிநீர், கழிப்பறை, முதலுதவி, காவல், நுழைவுச்சீட்டு, கணக்கு வழக்கு என அனைத்தையும் யாரேனும் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை முறையாகக் கற்றுக்கொடுப்பதே இக்கல்வியின் நோக்கம்.

விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்கள் அனைவரும் வீரர்களாக ஆகிவிடுவதில்லை. மாவட்ட அளவோடு நின்றுவிடுபவர்களே மிகுதி. அவர்கள் விளையாட்டுத் துறையிலேயே தொடர வேறு வழி உண்டா என்ற கேள்விக்கு இக்கல்வி ஒரு விடை. ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்று அறியாமல் சேர்ந்தால் பணமும் காலமும் வீணாகும். இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

இத்துறை அமெரிக்காவில் தோன்றியது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, விளையாட்டு நிறுவனங்களை நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று 1957 இல் பேராசிரியர் ஜேம்ஸ் மேசனுக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக 1966 இல் ஒகையோ பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதல் முதுகலைப் படிப்பு தொடங்கியது.

இந்தியாவில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் சங்கப் பொறுப்பாளர்களுமே இப்பணிகளைச் செய்துவந்தனர். 2008 இல் இந்தியன் பிரீமியர் லீக், 2014 இல் புரோ கபடி லீக், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, 2016 இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று தொழில்முறைப் போட்டிகள் வளர்ந்த பிறகு, இதனைத் தனிப் படிப்பாகக் கற்றவர்களின் தேவை கூடியது.

உடற்கல்வியியலுடன் உள்ள வேறுபாடு

மாணவர்களும் பெற்றோரும் அதிகம் குழம்பும் இடம் இது. பி.பி.எட். என்பது பட்டப்படிப்புக்குப் பின் படிக்கும் ஈராண்டு ஆசிரியர் பயிற்சி. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புபவர்கள் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இத்தகைய படிப்பையே படிக்க வேண்டும். பயிற்றுநராக விரும்புபவர்களுக்குப் பாட்டியாலாவில் 1961 இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு முதன்மையானது.

விளையாட்டு மேலாண்மைப் பட்டம் இவ்விரண்டுக்கும் மாற்று ஆகாது. அதைப் படித்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி விண்ணப்பிக்க முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியர் பணியை மனத்தில் வைத்துக்கொண்டு தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால், படித்து முடித்த பிறகே பிழை தெரியவரும்.

முக்கியப் பாடங்கள்

நிறுவனத்திற்கு நிறுவனம் பாடத்திட்டம் மாறினாலும் பின்வருவன பொதுவாக இடம்பெறும்.

நிகழ்வு மேலாண்மை: போட்டி அட்டவணை தயாரித்தல், நாக்-அவுட், லீக் முறைகள், தங்குமிடம், போக்குவரத்து.

வசதி மேலாண்மை: மைதானம், நீச்சல்குளம், உள்ளரங்கம் ஆகியவற்றின் பராமரிப்பு, பார்வையாளர் பாதுகாப்பு, அவசர வெளியேற்றம்.

நிதியும் விளம்பர ஆதரவும்: வரவு செலவுத் திட்டம், புரவலர் ஒப்பந்தம், ஒளிபரப்பு உரிமை, நுழைவுச்சீட்டு விற்பனை.

சட்டமும் நெறியும்: வீரர் ஒப்பந்தம், வயது மோசடித் தடுப்பு, ஊக்கமருந்துத் தடுப்பு, பெண்கள், சிறுவர் பாதுகாப்பு. ஊக்கமருந்துத் தடுப்புக்கென இந்தியாவில் 2022 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இவற்றோடு கணக்குப் பதிவியல், மனித வளம், புள்ளியியல், களப்பயிற்சி ஆகியவையும் உண்டு. களப்பயிற்சி இல்லாத படிப்பு நீந்தாமல் நீச்சல் கற்பது போன்றது.

மதுரை தரும் பாடம்: ஜல்லிக்கட்டு

மதுரை மாணவர்கள் நிகழ்வு மேலாண்மையைக் கற்க வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த மூன்று நாள்களில் மூன்று பெரிய ஜல்லிக்கட்டுகள் நடக்கின்றன.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் போராடிய பின் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, காளைக்கும் மனிதருக்கும் பாதுகாப்பு அளிக்கும் விதிமுறைகளுக்கு உட்பட்டே இன்று இவ்விளையாட்டு நடக்கிறது.

அந்த விதிமுறைகளை நடைமுறைப்படுத்துவது மேலாண்மைப் பணியே. காளைகளுக்கும் மாடுபிடி வீரர்களுக்கும் இணையவழிப் பதிவு நடக்கிறது. கால்நடை மருத்துவர்கள் காளைகளைப் பரிசோதிக்கின்றனர். வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. வாடிவாசல், இரட்டைத் தடுப்பு, பார்வையாளர் மாடம் ஆகியவற்றின் உறுதி சரிபார்க்கப்படுகிறது. வீரர்கள் சுற்றுச் சுற்றாகக் களமிறக்கப்படுகின்றனர். சுற்றுக்குச் சுற்று சீருடை நிறம் மாறுகிறது. வருவாய், காவல், கால்நடை, சுகாதாரம், பொதுப்பணி ஆகிய துறைகள் ஒருங்கிணைகின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் உயிருக்கு ஆபத்து.

போட்டியை நடத்தும் உரிமை யாருக்கு என்பதும் மேலாண்மை சார்ந்த கேள்விதான். அவனியாபுரத்தில் இது தொடர்பான தகராறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்று, 2020 இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் போட்டி நடத்தப்பட்டது.

வளரும் கட்டமைப்பு

அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 சனவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதே மாதத்தில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்தன. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த ஆண்கள் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டியைச் சென்னையுடன் மதுரையும் பகிர்ந்துகொண்டது. 24 நாடுகளின் அணிகள் பங்கேற்ற இப்போட்டிக்காக ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதிய ஹாக்கி அரங்கம் எழுந்தது. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லின் நத்தத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்துவருகின்றன.

அரங்கம் கட்டுவது ஒருமுறை நடக்கும் வேலை. அதை ஆண்டு முழுவதும் பயன்படச் செய்வது தொடர்ந்து நடக்க வேண்டிய வேலை. பெரிய போட்டி முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் அரங்கத்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயனில்லை. காலையில் பள்ளி மாணவர்கள், மாலையில் சங்கங்கள், விடுமுறையில் பயிற்சி முகாம் என்று திட்டமிட ஆள் வேண்டும்.

மதுரை அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி தொடக்க காலத்தில் வெறுங்காலுடன் ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022 இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பூப்பந்தில் மூன்று தங்கம் வென்றார். இத்தகைய திறமைகள் கண்ணில் படுவது தற்செயலாக இருக்கக் கூடாது. தேடிக் கண்டறியும் ஏற்பாடு வேண்டும். அதுவும் இத்துறையின் கடமை.

நிர்வாகம் தவறினால்

2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இடைநீக்கம் செய்தது. சங்கத் தேர்தல் முறையே காரணம். அதனால் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் தேசியக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தனர். 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையும் பிஃபா சில நாள்கள் இடைநீக்கம் செய்தது. இரண்டு முறையும் தவறு செய்யாத வீரர்களே தண்டனையைச் சுமந்தனர். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்க 2025 இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய விளையாட்டு வாரியம், விளையாட்டுத் தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு இச்சட்டம் வழிசெய்கிறது.

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. உருசியாவில் நடக்கவிருந்த 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் சென்னைக்கு மாற்றப்பட்டது. ஜூலை 28 அன்று அது தொடங்கி மாமல்லபுரத்தில் நடந்தது. சுமார் நான்கரை மாதங்களில் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்களுக்கான ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

எங்கே படிக்கலாம்

தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவானது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இதன் வளாகம் உள்ளது. விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. படிப்பை இது வழங்குகிறது. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920 இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. மதுரைக்கு அருகே காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியியல் கல்லூரி உள்ளது. வெளிமாநிலங்களில் குவாலியரின் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனமும், 2018 ஆம் ஆண்டுச் சட்டப்படி மணிப்பூரில் அமைந்த தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகமும் குறிப்பிடத்தக்கவை.

எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் பொதுவாக இத்துறையின் முதுகலைக்கு வரலாம். எனவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் உள்ளூரில் பி.காம்., பி.பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உடற்கல்வி படித்துவிட்டு முதுகலையில் இதனைத் தேர்வுசெய்வது செலவு குறைந்த வழி.

வேலைவாய்ப்பு

விளையாட்டுச் சங்கங்கள், தொழில்முறை அணிகள், நிகழ்வு நிறுவனங்கள், தனியார் பயிற்சி மையங்கள், கல்லூரி, பள்ளி விளையாட்டுப் பிரிவுகள், உடற்பயிற்சிக் கூடங்கள், விளையாட்டுப் பொருள் விற்பனை ஆகியவற்றில் பணிகள் உள்ளன. இந்திய விளையாட்டு ஆணையம் போன்ற அரசு அமைப்புகள் ஒப்பந்த அடிப்படையில் ஆட்களை எடுப்பதுண்டு.

ஆனால் லீக் போட்டிகள் ஆண்டில் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே நடக்கின்றன. அதனால் தொடக்கத்தில் பணி நிரந்தரமாக இராது. வார இறுதியிலும் பண்டிகை நாளிலும் வேலை இருக்கும். தொலைக்காட்சியில் தெரியும் பகட்டை மட்டும் பார்த்து வருபவர்கள் ஏமாற்றம் அடைவர். உழைக்கவும் ஊர் மாறவும் அணியமானவர்களுக்கு வாய்ப்பு விரியும்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா?
2. கிடைப்பது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா?
3. களப்பயிற்சி எத்தனை வாரம்? அதற்கான இடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்யுமா?
4. கட்டணம் தவிர விடுதி, சீருடை, பயணச் செலவு எவ்வளவு?
5. முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? அவர்களில் இருவரிடமாவது பேச முடியுமா?

ஐந்தாம் கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தில் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்த அவசரப்பட வேண்டாம்.

பள்ளியிலேயே தொடங்கலாம்

குறுவட்டப் போட்டிக்கு உரிய நாளில் படிவம் போகாததாலோ, பிறப்புச் சான்றில் பெயர் மாறியிருந்ததாலோ, நன்றாக ஓடும் பிள்ளை ஓடாமலே வீடு திரும்புவதைப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் ஓட்டத்தில் குறை இல்லை, ஏற்பாட்டில்தான் குறை. ஆகவே விளையாட்டு மேலாண்மையில் ஆர்வமுள்ள மாணவர், தம் பள்ளி விளையாட்டு விழாவில் பெயர்ப்பட்டியல் தயாரித்தல், நேரம் குறித்தல், முடிவுகளைப் பதிதல் ஆகிய பணிகளைக் கேட்டுப் பெற்றுச் செய்யலாம். வகுப்புகளுக்கு இடையே ஒரு கபடிப் போட்டியைத் தாமே நடத்திப் பார்க்கலாம். எட்டு அணிகளுக்கு அட்டவணை போட்டு, சண்டையின்றிப் பரிசளிப்பு வரை கொண்டுசென்ற மாணவருக்கு இத்துறை தமக்கு ஏற்றதா என்பது அன்றே தெரிந்துவிடும்.