உஷார்! "குழந்தை தூங்குது" என்று நம்பாதீர்கள்!

அது தூங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அவ்வளவுதான்.

அப்பா அம்மாவை அடிக்கிற ராத்திரிகளில், போர்வைக்குள் இருக்கும் பிள்ளைக்கு எல்லாமே கேட்கிறது. அறை விழுவது, பாத்திரம் உருள்வது, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது எல்லாம். "சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கிற அம்மாக்களே, பாட்டிகளே, பக்கத்து வீட்டுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண், அவளுக்கு ஒரு தம்பி. அப்பா குடிப்பவர்கூட இல்லை. தெருவில் தங்கமான மனிதர் என்று பெயர். சண்டை ஆரம்பித்தால் அந்தப் பெண் தம்பியை உள்ளே இழுத்துக்கொண்டுபோய் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்த வழி அது. பாட்டி சொன்ன வழி வேறு: "நீ போய் குறுக்கே நில்லுடி, உன்னைப் பார்த்தா உங்கப்பன் கை ஓங்க மாட்டான்."

ஒரு ராத்திரி போய் நின்றாள். அம்மாவைக் குறிவைத்து வீசிய குக்கர் மூடி இவள் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் "மாடிப்படியில விழுந்துட்டா" என்றார்கள். அவளையும் அப்படியே சொல்ல வைத்தார்கள். கை கூடிவிட்டது. ஆனால் எப்போதோ விட்டுப்போன பழக்கம் திரும்ப வந்தது. படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஏன் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளையைக் குறுக்கே அனுப்பாதீர்கள்! ஒருபோதும் அனுப்பாதீர்கள்!

எங்கோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

"பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போம்மா" என்பார்கள். இதைவிடக் கொடிய அறிவுரையை நான் கேட்டதில்லை. பொறுத்துப் போகிற வீட்டில்தான் அந்தப் பிள்ளை தினமும் பயந்து வளர்கிறது. 1998ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்வதையும் சிறுவயதுப் பாதிப்புகளில் ஒன்றாகக் கணக்கில் எடுத்தது. இப்படிப்பட்ட பாதிப்புகள் கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதய நோயும்கூட அதிகமாக இருந்தன. மேலே ஒரு கீறல் இல்லை என்பதால் பிள்ளை தப்பித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்!

• கைக்குழந்தை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா?

• பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி. டாக்டர் பார்த்தால் ஒன்றும் இல்லை. அம்மாவை வீட்டில் தனியாக விட பயம்!

• அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறதா?

• பையன் தங்கையை அடிக்கிறான். அம்மாவை அப்பாவின் அதே வார்த்தைகளால் திட்டுகிறான். "ஆம்பளப் பிள்ளை" என்று சிரிக்காதீர்கள்.

• பதினாறு வயதுப் பெண், எவனோடாவது இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறாள். கையில் பிளேடு கீறல் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

• எல்லாரும் தவறவிடுவது இது: ரொம்ப சமத்தான பிள்ளை. எதையும் கேட்காது, அடம் பிடிக்காது, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தான் ஏதாவது கேட்டால் சண்டை வந்துவிடும் என்று அது நம்புகிறது.

இப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வாயைத் திறந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "இது உன் தப்பு இல்லடா கண்ணு" என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசம், பிள்ளையே கூப்பிடலாம். பெண்களுக்கு 181. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

டீச்சர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒன்று. "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்காதீர்கள்! 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் அந்த அலுவலர் யார் என்று சொல்வார்கள்.

அம்மாவுக்கு: சத்தம் வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும், யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று பிள்ளைக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள். அடுப்படிக்குள் ஓடவே கூடாது. கத்தியும் கொதிக்கிற எண்ணெயும் அங்கேதான் இருக்கின்றன. ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றின் நகலையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் நாட்களில் இன்னும் உஷார்! அடிக்கிறவனுக்குப் பிடி நழுவுகிற நேரம் அது. ஆபத்து கூடுகிற நேரமும் அதுதான். கிளம்பப் போவதைச் சண்டையில் சொல்லிவிடாதீர்கள். அதே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால், அதன் பள்ளிக்குள் அடிக்கிறவன் நுழையத் தடையும் வாங்கலாம். அந்த உத்தரவு கைக்கு வந்த அன்றே ஒரு நகலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிள்ளையை யாரோடு அனுப்பலாம், யாரோடு அனுப்பக் கூடாது என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள்.