டேஷ்போர்டு ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? மரை தேய்ந்த துளையைச் சரிசெய்வது எப்படி?

புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிக்கொண்டு கடையிலிருந்து காரை எடுத்து வருகிறீர்கள். ஒரு வாரம்தான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் குண்டும் குழியுமான ரோடு முழுக்க ‘கட கட கட’. பேனலைக் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது, கையை எடுத்தால் மறுபடியும் ஆரம்பம். சரி, ஸ்க்ரூ லூஸாக இருக்கும் என்று திருப்புளியை எடுத்து முடுக்கினால், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறுகவே இல்லை.

“மரை போயிடுச்சு சார், பேனலையே மாத்தணும்” என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் அந்த ஒரு துளையை மட்டும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால், சில இடங்களில் கை வைக்கவே கூடாது. எது எது என்று பார்க்கலாம்.

மரை ஏன் தேய்கிறது?

டேஷ்போர்டின் பின்பக்கத்தில், ஸ்க்ரூ இறங்குவதற்காக குழாய் மாதிரி சின்னச் சின்னத் தூண்கள் இருக்கும். இன்ஜினீயர்கள் இதை ‘பாஸ்’ என்பார்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இந்தத் துளைக்குள் பெரும்பாலும் மரை இருக்காது. முதல்முறை ஸ்க்ரூவை முடுக்கும்போது, அதுவே பிளாஸ்டிக்கை அழுத்தித் தனக்கான மரையை உருவாக்கிக்கொள்கிறது. இரும்பு ஸ்க்ரூ, பிளாஸ்டிக் மரை. இரண்டில் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, பவர் டிரைவர். பேனல் உட்கார்ந்த பிறகும் ஒரு விநாடி கூடுதலாகச் சுற்றினால் போதும், மரை மொத்தமாக வழிந்துவிடும். இரண்டாவது, ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பழைய மரையில் உட்காராமல் ஸ்க்ரூ புதிதாக ஒரு மரை வெட்டுவது. நான்கைந்து முறை இப்படி நடந்தால், உள்ளே பிளாஸ்டிக் தூள்தான் மிஞ்சும்.

மூன்றாவது, வெயில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு வெப்பம் சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. சித்திரை வெயிலில் காரை நிறுத்துகிற நமக்கும் இது புதிய செய்தி இல்லை. அந்தச் சூட்டில், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகி விலகும். அதனால் பிடிப்பு குறையும்.

முதலில் இதைச் சரிபாருங்கள்

துளையைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, அது சரியான ஸ்க்ரூதானா? கழற்றும்போது எல்லா ஸ்க்ரூவையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தால், மெல்லியதும் தடித்ததும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துத் துளையில் நன்றாக இறுகும் ஸ்க்ரூவைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். இறுகினால் பிரச்சினை துளையில் இல்லை.

இரண்டு, அங்கே ஒரு கிளிப் இருந்ததா? பல கார்களில் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் நேரடியாக இறங்காது. ‘யு’ வடிவ இரும்பு கிளிப் ஒன்று செருகப்பட்டிருக்கும், மரை அதில்தான் இருக்கும். பேனலைக் கழற்றும்போது அது நழுவி உள்ளே விழுந்துவிட்டால், வெறும் ஓட்டையில்தான் ஸ்க்ரூவைச் சுற்றிக்கொண்டிருப்போம். காந்தம் கட்டிய குச்சியால் துழாவிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். சென்னை ஜி.பி. ரோடு போன்ற கார் உதிரிபாகக் கடைகளில் இது சில்லறையாகவே கிடைக்கும்.

பின்பக்க எழுத்தைப் படியுங்கள்

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. பேனலைத் திருப்பிப் பார்த்தால், அம்புக்குறி போன்ற இரண்டு அடையாளங்களுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ‘பி.பி.’ என்றால் பாலிப்ரொப்பிலீன். ‘பி.பி.-டி.டி.20’ என்றிருந்தால், அதில் 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ‘ஏ.பி.எஸ்.’ என்பது கொஞ்சம் கெட்டியான வகை. ‘பி.சி.+ஏ.பி.எஸ்.’ என்றால் அதோடு பாலிகார்பனேட்டும் கலந்தது.

இது ஏன் முக்கியம்? ஏ.பி.எஸ்.ஸில் பசை நன்றாகப் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் மெழுகு மாதிரி. பெவிக்விக் ஊற்றினாலும் அரால்டைட் ஊற்றினாலும், காய்ந்த பிறகு சக்கையாகப் பெயர்ந்து கையோடு வந்துவிடும். இது தெரியாமல்தான் பலர் மூன்று முறை ஒட்டிவிட்டுச் சலித்துப்போகிறார்கள்.

சரிசெய்ய 5 வழிகள்

எளிதானதிலிருந்து தொடங்குவோம். முதல் வழி பலித்துவிட்டால், மற்றவற்றுக்குப் போக வேண்டாம்.

1. கேபிள் டை துண்டு: வயர் கட்டும் நைலான் கேபிள் டையிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, துளையின் ஓரமாகச் செருகிவிட்டு ஸ்க்ரூவைக் கையால் முடுக்குங்கள். இடைவெளி அடைபட்டு மரை கிடைத்துவிடும். எந்த பிளாஸ்டிக்குக்கும் இது பொருந்தும், பசையே தேவையில்லை. தீக்குச்சி செருகுவது பழைய வழி. ஆனால், அதிர்விலும் சூட்டிலும் மரக்குச்சி சுருங்கி நொறுங்கும். நைலான் நிற்கும்.

2. ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ: பிளாஸ்டிக்குக்கென்று வரும், அகலமான மரை கொண்ட ஸ்க்ரூவாக வாங்குங்கள். ஒரே ஒரு சைஸ்தான் கூட்ட வேண்டும். ரொம்பத் தடியாக இருந்தால் பாஸ் பிளந்துவிடும். ரொம்ப நீளமாக இருந்தால் அடியில் முட்டி பாஸை உடைக்கும், அல்லது பின்னால் ஓடும் வயரைக் குத்தும்.

3. யு கிளிப்: துளை பேனலின் ஓரத்தில், தட்டையான இடத்தில் இருந்தால் இதுவே சிறந்தது. கிளிப்பைச் செருகிவிட்டால் மரை இனி இரும்பில். பாலிப்ரொப்பிலீன் பேனலுக்கு இதைவிட நம்பகமான வழி குறைவு.

4. துளையை நிரப்பி மறுபடியும் துளைப்பது: ஏ.பி.எஸ். என்றால், அதே வகை பிளாஸ்டிக் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். ஒரு நாளாவது காய விட வேண்டும். இன்னொரு முறை, ஆப்ப சோடாவும் பெவிக்விக்கும். துளையில் கொஞ்சம் சோடா, அதன்மேல் ஒரு சொட்டு பசை. நொடியில் கல்லாகிவிடும். இப்படி அடுக்கடுக்காக நிரப்புங்கள். அப்போது சூடும் புகையும் வரும். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள். அந்தப் புகை பட்ட இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்பதால், முடிந்தால் பேனலைக் கழற்றி வெளியே வைத்து வேலை செய்யுங்கள். எபாக்சி பயன்படுத்தினால், 5 நிமிடத்தில் காயும் வகையைவிட மெதுவாக இறுகும் வகையே பொதுவாகச் சூட்டைத் தாங்கும்.

நிரப்பியது இறுகிய பிறகு, சின்னத் துளை போட வேண்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. துளை. டிரில் பிட்டைக் கையால் சுற்றியே போடலாம். பாலிப்ரொப்பிலீனில் இந்த வழியைத்தான் செய்தாக வேண்டும் என்றால், சூடான ஊசியால் துளையின் உள்சுவரில் நாலைந்து பள்ளங்கள் போட்டுவிட்டு நிரப்புங்கள். பசை ஒட்டாவிட்டாலும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

5. பித்தளை இன்சர்ட்: உள்ளே மரை போட்ட சின்னப் பித்தளைக் குழாய் இது. சால்டரிங் அயர்னால் சூடாக்கி, துளைக்குள் நேராக அழுத்தினால், பிளாஸ்டிக் உருகி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். 3டி பிரின்டிங் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அடிக்கடி கழற்ற வேண்டிய பேனலுக்கு ஏற்றது. ஆனால் பழைய ஸ்க்ரூ இதற்குச் சேராது, மெஷின் ஸ்க்ரூ வாங்க வேண்டும். பாஸின் சுவர் மெல்லியதாக இருந்தால் முயற்சிக்க வேண்டாம்.

பாஸ் பிளந்திருந்தால்?

துளையை மட்டும் நிரப்பிப் பயனில்லை. ஸ்க்ரூ இறங்கும்போது விரிசல் மறுபடியும் வாயைப் பிளக்கும். வெளியே சுற்றிப் பிடிக்க ஏதாவது வேண்டும். மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி அதன்மேல் எபாக்சி பூசலாம், அல்லது சரியான அளவு உலோக வளையத்தை மேலே இறக்கலாம். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவது மாதிரிதான்.

இங்கே கை வைக்காதீர்கள்

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். பிறகு முன்சீட்டுப் பயணிக்கும் கட்டாயமானது. அந்தப் பயணிகள் பக்க ஏர்பேக் உட்கார்ந்திருப்பது டேஷ்போர்டுக்குள்தான்.

விபத்தின்போது அது கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும். அந்த வேகத்தில், அரைகுறையாக ஒட்டிவைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு எதிரே இருப்பவர் முகத்தை நோக்கிப் பறக்கலாம். கூடுதலாகப் பூசிய எபாக்சி, மூடி திறக்கவேண்டிய இடத்தைத் தடுக்கலாம். அந்த சீட்டில் பெரும்பாலும் உட்காருவது நம் வீட்டு ஆட்கள்தான்.

எனவே ஏர்பேக்கைத் தாங்கும் ஸ்க்ரூ, ஸ்டீயரிங் தண்டைச் சேர்ந்த ஸ்க்ரூ, மஞ்சள் நிற வயர் அல்லது கனெக்டர் போகும் இடம், இவற்றில் சொந்த வைத்தியம் கூடவே கூடாது. அங்கே மரை போயிருந்தால், சர்வீஸ் சென்டரில் பாகத்தை மாற்றுவதுதான் ஒரே வழி. மற்ற பேனலைக் கழற்றும்போதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்துவிட்டு, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து தொடங்குங்கள்.

மறுபடியும் போகாமல் இருக்க

ஒரு சின்னப் பழக்கம் போதும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும், முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ‘டிக்’ என்று லேசாக இறங்கும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால், ஸ்க்ரூ புது மரை வெட்டாமல் பழைய தடத்திலேயே போகும்.

பவர் டிரைவரைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள், மாட்டுவது கையால் இருக்கட்டும். பேனல் உட்கார்ந்த பிறகு ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். அடுத்த முறை ஸ்டீரியோவோ கேமராவோ மாட்டக் கடைக்குப் போனால், “அண்ணே, டேஷ்போர்டு ஸ்க்ரூ மட்டும் கையாலயே முடுக்கிடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் ஞாபகப்படுத்தும்.