நெறிக்கட்டு சொல்லும் சேதி

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். தோலுக்கடியில் உருளும் அந்தக் கட்டி, வீங்கிய நிணநீர்க் கணு. உடலில் இப்படிச் சுமார் 600 கணுக்கள் உண்டு. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றுக்குள் புகுந்துதான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதில் கிருமி வந்தால் இங்கே சிக்கும், வெள்ளணுக்கள் பெருகும், கணு வீங்கும். பலவும் நெஞ்சிலும் வயிற்றிலும் ஆழத்தில் இருப்பவை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற சில இடங்களில்தான் விரலுக்கு எட்டும்.

கழுத்தைப் பார்க்க, நோயாளியை உட்காரவைத்து மருத்துவர் பின்னால் நிற்பார். தலையைச் சற்றே குனியச் சொல்வார். தசை தளர்ந்தால்தான் அடியில் இருப்பது தட்டுப்படும். நுனியால் குத்தாமல், விரல்களின் சதைப்பகுதியை வைத்துத் தோலோடு சேர்த்து மெல்ல வட்டமாக உருட்டுவார். மோவாய்க்கு அடியில், தாடையோரம், காதுக்கு முன்னும் பின்னும், பிடரி, பிறகு கழுத்தின் பக்கவாட்டில் இறங்கிக் காறை எலும்பின் மேல்குழி என்று ஓரிடம் விடாமல் தேடுவார். அக்குளைப் பார்க்கும்போது நோயாளியின் கையைத் தன் முன்கையில் தாங்கிக்கொண்டு, குழியின் உச்சிவரை விரல்களைச் செலுத்தி, விலா எலும்போடு அழுத்தியபடி கீழே இறக்குவார்.

1 செ.மீ.க்கு உட்பட்ட மென்மையான கணு பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரைகூட இருக்கலாம். தொட்டால் வலித்தால் பெரும்பாலும் தொற்று. ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால், நம் நாட்டில் முதலில் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். கெட்டிப்பட்டு, அசைக்க முடியாதபடி பிடித்துக்கொண்டிருந்தால் புற்றுநோய் பரவியிருக்கலாம். உறுதிசெய்ய ஊசியில் உறிஞ்சியோ சதை எடுத்தோ பரிசோதிக்க வேண்டும்.

கணு இருக்கும் இடம் இன்னும் முக்கியம். வயிற்றுப் பகுதியின் நிணநீர், இடப்பக்கக் காறை எலும்பருகே ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் அங்குள்ள கணுவில் வெளிப்படலாம் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 1848இல் எழுதினார். ஆகவே, கணு கிடைத்ததும் அது எந்தப் பகுதியின் நிணநீரை வாங்குகிறதோ அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். பிடரியில் நெறி கட்டிய சிறுமியின் முடியை விலக்கினால், பேன் கடித்துச் சொறிந்த புண் தெரியக்கூடும்.

நான்கு வாரமாகியும் வடியாத கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, காறை எலும்பின் மேல் தட்டுப்படும் எந்தக் கட்டியானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு சேர்ந்திருந்தால் உடனே போங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆபத்தான கட்டிகள் பலவும் வலிப்பதில்லை.