சோலைமந்தியும் கடற்பஞ்சும்

வெடிப்பலா காய்த்திருக்கும் நாளில் வால்பாறைப் பக்கம் சோலைமந்தியைப் பார்க்க வேண்டும். முள் அப்பிய காயைக் கையாலும் பல்லாலும் பிளந்து, கொட்டையை எடுத்து, தின்றது போக மிச்சத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு அடுத்த கிளைக்குத் தாவிவிடும். சிங்கவால் குரங்கு என்பதும் இதைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இதற்கு வேறு காடு கிடையாது.

மன்னார் வளைகுடாப் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் கடற்பஞ்சும் விலங்குதான். வாய் இல்லை, வயிறு இல்லை, தசையும் நரம்பும் இல்லை. செடியா விலங்கா என்று வெகுகாலம் தகராறு நடந்தது. 1825 வாக்கில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிராண்ட் அதன் துளையிலிருந்து நீர் பீறிட்டு வருவதைக் கண்டு, விலங்கு என்ற பக்கம் நின்றார்.

அந்த நீரோட்டம்தான் அதற்குச் சாப்பாடு. உடலின் உள்ளறைகளில் சாட்டை போன்ற இழை கொண்ட செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இழைகள் அடிக்க அடிக்க, மேற்பரப்பின் நுண்துளைகள் வழியே நீர் உள்ளே வருகிறது. அதில் வரும் பாக்டீரியாவைப் பிடித்து, செல் தனக்குள்ளேயே செரிக்கிறது. மந்திக்கு வயிறு என்ற பொதுச் சமையலறை உண்டு. இங்கே செல்லுக்குச் செல் தனி அடுப்பு. ஊர்ந்து திரியும் வேறு செல்கள் உணவை மற்றவற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

1907இல் எச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல் செல்லாக உதிர்ந்து நீரில் விழுந்தவை ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி கடற்பஞ்சாக வளர்ந்தன. மந்தியிடம் இந்தச் சோதனையெல்லாம் நடக்காது.

அதற்காக இதைக் கீழ்ப்படி, மந்தியை மேல்படி என்று அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 60 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் இரண்டு வம்சமும்தான் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. தசையில்லாத கடற்பஞ்சு உடலைச் சுருக்கி, சேர்ந்த கசடைச் சளியோடு வெளியேற்றவும் செய்யும். ஆராய்ச்சியாளர்கள் இதைத் தும்மல் என்கிறார்கள். ஒரு தும்மலுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம்!

ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் வாழும் ஒரு கடற்பஞ்சின் மரபணுத் தொகுதி 2010இல் வெளியானது. மந்தியின் மூளையில் நரம்பு செல்கள் சந்திக்கும் இணைப்பிடத்துக்கு வேண்டிய புரதங்களின் மரபணுக்களில் பல, நரம்பே இல்லாத இதனிடமும் இருக்கின்றன. வேறு வேலைக்கிருந்த அந்தப் புரதங்களை நரம்பு பிறகு எடுத்துக்கொண்டதா, அல்லது கடற்பஞ்சின் முன்னோருக்கு நரம்பு இருந்து பிற்பாடு தொலைந்ததா என்பதில் உயிரியலாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை.